மக்கட்சுட்டு: வைத்தியசாலையிலும் தொழிற்களத்திலும்

தமிழிலக்கணத்தின் முதற் பாகுபாடே மனிதனை முன்னிறுத்தி எழுந்தது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்தைத் தொடங்குமிடத்து, பொருள்கள் அனைத்தையும் உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்து, மக்களைச் சுட்டும் சொற்களை உயர்திணையில் வைத்தார். அவரல்லாத பிறவற்றையெல்லாம் அஃறிணையில் அடக்கினார். ஆகவே ஒருவரை ‘அவர்’ எனச் சுட்டுதலும் ‘அது’ எனச் சுட்டுதலும் வெறும் ஈற்றெழுத்து வேறுபாடன்று. சுட்டப்படுவது மனிதரா அன்றா என்னும் தீர்ப்பே அவ்வீற்றில் அடங்கியுள்ளது. அத் தீர்ப்புப் பிறழுமாறு கூறுதலை நூலார் ‘திணை வழு’ என்றனர்.

இவ்வழு ஏட்டளவில் நிற்பதாயின் அதைத் திருத்துதல் தமிழாசிரியர்க்கு மட்டும் உரிய பணியாகும். ஆனால் அது ஏட்டளவில் நிற்பதில்லை. “பதினோராங் கட்டில் இன்னும் மருந்து குடிக்கவில்லை” என்பதும், “நேற்று வந்த நெஞ்சுவலிக் கேஸ் எங்கே?” என்பதும் வைத்தியசாலைகளில் நாள்தோறும் கேட்கக் கூடிய பேச்சுகள். கட்டில் மருந்து குடிப்பதில்லை. நெஞ்சுவலி நடந்து வருவதுமில்லை. கட்டிலிற் கிடப்பவர் ஒருவர். நெஞ்சுவலியால் வருந்துபவர் ஒருவர். அவர் பெயரிழந்து, திணையிழந்து, நோயாகவும் எண்ணாகவும் மாறிவிடுகின்றார். இம்மாற்றம் நோயுற்றவரின் மானத்தை மட்டுமன்றி, அவர் பெறும் சிகிச்சையையும் தாக்குகின்றது என்பதை ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் தகும்.

இலக்கணம் உணர்த்தும் உண்மை

திணை மயங்கக் கூறும் வழக்கு எல்லா இடத்தும் இழிவானதன்று. தாய் தன் குழந்தையைக் கண்ணென்றும் மணியென்றும் அழைத்து, ‘வந்தது’, ‘சிரித்தது’ என அஃறிணை வினை கொடுத்து மகிழ்கின்றாள். நன்னூலார் இத்தகைய மயக்கத்திற்கு ஐந்து காரணங்கள் கூறினார். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்பன அவை. செறல் என்பது சினம். இழிப்பு என்பது பிறரைத் தாழ்வாகக் கருதுதல். மனிதரைப் பொருளாக்கும் பேச்சிற்குப் பின்னே ஒரு மனநிலை உண்டு என்பதைப் பழந்தமிழ் நூலார் அறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் வைத்தியசாலையில் வழங்கும் பேச்சு இவ்வைந்தனுள் எதனாலும் எழுவதன்று எனலாம். இரவெல்லாம் விழித்து நாற்பது பேரைப் பராமரிக்கும் தாதிக்கு எவர்மீதும் சினமில்லை, இகழ்ச்சியுமில்லை. நூலார் எண்ணாத ஆறாவது காரணம் ஒன்று அங்கே உண்டு. அது பழக்கம். வேலை நெருக்கத்தால் சுருக்கமாகப் பேச நேர்கின்றது, சுருக்கம் பழக்கமாகின்றது, பழக்கம் பார்வையாகின்றது. வைத்தியர் தமக்குள் வழங்கும் ‘கேஸ்’ என்னும் சொல், ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் குழூஉக்குறியேயாகும். பொற்கொல்லரின் குழூஉக்குறி பொன்னைப் பற்றியது. அது பொன்னை நோகச் செய்வதில்லை. வைத்தியரின் குழூஉக்குறியோ அருகிற் கிடந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றியது. வேறுபாடு இதுவே.

நோய்க்குப் பெயர் வைக்கும் முறையில் வள்ளுவர் காட்டிய வழி ஈண்டு நினைக்கத்தக்கது. ‘மருந்து’ என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதி இரு குறட்பாக்களில் அவர் வைத்தியத்தின் இலக்கணத்தை வகுத்தார். வைத்தியன் முதலில் ஆராய வேண்டியது நோயுற்றவனின் நிலை. அதன் பின்னரே நோயின் நிலை. அதன் பின் காலம். அவ்வாறே வைத்தியத்திற்குரிய நான்கு பகுதிகளை எண்ணுமிடத்தும், நோயுற்றவனை முதலில் வைத்து, தீர்ப்பவனையும் மருந்தையும் அருகிருந்து பணி செய்பவனையும் அடுத்தடுத்து வைத்தார். நோயுற்றவனைச் சுட்ட அவர் ஆண்ட சொல் ‘உற்றவன்’ என்பது. நோய் அவனை வந்து அடைந்தது. அவன் வேறு, நோய் வேறு. அவன் நோயாகவே ஆகிவிடவில்லை. உறவினரைக் குறிக்கும் ‘உற்றார்’ என்னும் சொல்லும் இவ்வடியிலிருந்தே பிறந்தது என்பது கருதி மகிழ்தற்குரியது.

மேலைநாடுகளில் இக்கருத்து ஓர் இயக்கமாக எழுந்தது அண்மைக் காலத்திலேயாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துச் சேலம் நகரில் 1974ஆம் ஆண்டு அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் தாமே கூடி மாநாடு நடத்தி, தம் அமைப்பிற்கு ‘முதலில் மனிதர்’ என்னும் பொருள்படப் பெயர் சூட்டினர். குறைபாட்டின் பெயரை முன்னே வைக்காது ஆளை முன்னே வைத்துப் பேசும் முறை அதன் பின் பரவலாயிற்று. ஆங்கிலத்தில் இது சொற்களின் வரிசையை மாற்றுவதால் நிறைவேறும். தமிழில் அவ்வாறன்று. தமிழில் அடைமொழி முன்னே நிற்கும். ஆளைச் சுட்டும் சொல் பின்னே நிற்கும். ‘நீரிழிவு உற்றவர்’ என்னுந் தொடரில் நோயே முன்னே வருகின்றது. ஆகவே தமிழில் ஆளை முன்னிறுத்துவது வரிசையன்று, விகுதியே. ‘உற்றவர்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘அர்’ விகுதியும், அதைத் தொடரும் ‘வந்தார்’, ‘சொன்னார்’ என்னும் வினைமுற்றுமே அவரை மனிதராக நிறுத்துகின்றன. ஒருவரையே பன்மையாற் சுட்டி உயர்த்துவது இலக்கண நெறியன்று, உலக வழக்கால் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியரும் உடன்பட்டார்.

பேர் என்னும் அளவை

இனி மலைநாட்டுத் தோட்டங்களை நோக்குக. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடுவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட மக்களுக்கு அக்காலத்து ஆவணங்கள் இட்ட பெயர் ‘கூலி’. தமிழிலே கூலி என்பது உழைப்பிற்குக் கொடுக்கும் ஊதியம். ஊதியத்தின் பெயரை உழைப்பவரின் பெயராக்கியது ஆங்கில வழக்கு. பெற்ற காசே ஆளாயிற்று. தென்னாபிரிக்காவில் வழக்கறிஞராக விளங்கிய காந்தியடிகளையும் அந்நாட்டு வெள்ளையர் ‘கூலி பாரிஸ்டர்’ என்றே அழைத்தனர். அவ்விழிவை நேரிற் கண்ட அடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலங்கைக்கு வந்தபோது பதுளைக்கும் வந்து மக்களிடையே உரையாற்றினார்.

தோட்டத்துரைமார் தமிழ் பயில்வதற்கென அந்நூற்றாண்டில் வெளிவந்த கைந்நூல் ஒன்றின் தலைப்பு ‘இங்கே வா’ என்பது. புதிதாக வந்த சின்னத்துரை கற்கவேண்டிய முதற்சொல் ஏவல் ஒருமை. ‘வாருங்கள்’ என்னும் வடிவம் தமிழில் உண்டு என்பதை அறியாமலே தோட்டத்தை ஆள இயலும் என்பது அத்தலைப்பின் பொருள்.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ‘பேர்’ என்னும் சொல். தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கும் அதற்குரிய சம்பளத்திற்கும் ‘பேர்’ என்றே பெயர். பிரட்டுக்களத்திற் கூடியவரின் பெயரைச் செக்றோலில் பதிவதாலே இவ்வழக்கு உண்டாயிற்று. குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர், குறைந்தால் ‘அரைப்பேர்’. வேலைக்கு வராதவருக்குப் பேர் இல்லை. பெற்றோர் சூட்டிய பெயர், ஆண்டவன் திருநாமமாகவோ முன்னோர் நினைவாகவோ அமைந்த பெயர், இங்கே ஒரு நாட் கூலியின் அளவையாகிவிட்டது. பாதியாக அறுக்கவும் படுகின்றது. கங்காணி தன்கீழ் வேலைக்கு வந்தோரின் எண்ணிக்கைக்கேற்பப் பெற்ற கொடுப்பனவு ‘தலைக்காசு’ எனப்பட்டது. அங்கே பெயருமில்லை, தலை மட்டுமே எண்ணப்பட்டது.

இந்நிலையை மாற்றச் சொல்லையே முதற்கருவியாகக் கொண்டோர் தொழிற்சங்கத்தார். கோ. நடேசய்யர் 1931ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் ஒன்றை அமைத்தார். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரஸ், 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் பூண்டது. ‘கூலி’ என்னும் சொல் மேடையிலும் ஆவணத்திலும் அருகி, ‘தொழிலாளர்’ என்னும் சொல் நிலைத்தது. தொழிலாளர் என்பது தொழிலை ஆள்பவர். கூலியால் ஆளப்படுபவர் அல்லர். அவ்வாறே ஏனையோர் இகழ்ந்து வழங்கிய ‘தோட்டக்காட்டான்’ என்னும் சொல்லுக்கு எதிராக, ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரை இம்மக்கள் தாமே தேர்ந்துகொண்டனர். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமையும் நிருவாகமும் மாறியும், ‘பேர்’ என்னும் அளவை மட்டும் மாறவில்லை.

சொல்லுக்கு அஞ்சி மறைந்த நோய்

தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய வசதி செய்வதற்கென 1872ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளர் நோயுற்றால் வேலை கெடும் என்னும் கவலையும் அதன் பின்னணியில் இருந்தது. தோட்ட ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சர் ஐயாவும் இவ்வழியே வந்தனர். நோயுற்றவரை வேலைக்கு உதவுபவர், உதவாதவர் என்று பகுத்துப் பார்க்கும் கண் வைத்தியத்தோடு சேர்ந்தே வளர்ந்தது.

சொல்லால் விளையும் கேட்டிற்குத் தொழுநோயே சிறந்த எடுத்துக்காட்டு. இலங்கையில் ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டு ஹெந்தளையில் தொழுநோய் வைத்தியசாலையை நிறுவினர். 1901ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இந்நோயுற்றவரைப் பிரித்து வைக்க இடமளித்தது. ‘குஷ்டரோகி’ என்று ஒருவரைச் சுட்டியவுடன் அவர் மகனாகவோ மனைவியாகவோ அயலவராகவோ இருத்தல் ஒழிந்தது; வீடும் ஊரும் ஒழிந்தன. ஆதலால் தோலிலே உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பு தோன்றியபோது பலரும் அதை மறைத்தனர். மறைத்த காலத்தில் நரம்புகள் கெட்டு விரல்கள் மடங்கின. உறுப்புக் குறையைக் கண்ட ஊர், முன்னினும் அஞ்சியது. சொல் அச்சத்தை வளர்க்க, அச்சம் நோயை மறைக்க, மறைத்த நோய் சொல்லை மெய்யாக்கியது.

இவ்வட்டத்தை அறுக்க வேண்டுமென்பதை உணர்ந்த உலகத் தொழுநோய் மாநாடு 1948இல் ஹவானா நகரிற் கூடியபோது, நோயின் பெயரால் ஆளை அழைக்கும் ஆங்கிலச் சொல்லைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. பிரேசில் நாடு 1995இல் பழைய நோய்ப்பெயரையே அரச ஆவணங்களிலிருந்து சட்டத்தால் நீக்கியது. இலங்கையிலும் 1990ஆம் ஆண்டளவில் விளம்பரங்கள் வாயிலாக இந்நோய் குணமாவது என்னும் செய்தி மக்களிடையே பரப்பப்பட்டது. அதனால் தாமாகவே சிகிச்சை நாடி வந்தோர் பலராயினர். உலக சுகாதார நிறுவனம் 1982இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் வகைக்கேற்ப ஆறு மாதங்களில் அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோயைத் தீர்க்கின்றது. மருந்து முன்னரே இருந்தது; அதை நாடி வருவோரைத் தடுத்து நின்றது சொல்.

காசநோய்ச் சிகிச்சையில் மற்றொரு சொல் ஆராயத்தக்கது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதங்கள் இடைவிடாது மருந்துண்ண வேண்டும். இடையே நிறுத்தியவரை வைத்தியப் பதிவேடுகள் ‘கடமை தவறியவர்’ என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தன. நோய் இருக்கலாம் என்று கருதப்பட்டவரைக் குறிக்கவோ குற்றவாளிக்குரிய ‘சந்தேக நபர்’ என்னும் சொல் வழங்கிற்று. உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டில் இவ்விரு சொற்களையும் மாற்றி, பழி சுமத்தாத சொற்களை அமைத்தது.

இம்மாற்றத்தின் பொருளை ஊவாத் தோட்டங்களில் தெளிவாகக் காணலாம். லுணுகலை, நமுனுகுலைப் பகுதியிலுள்ள மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பதுளைக்கு வந்து மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து பெற்றுத் திரும்ப வேண்டுமாயின், அவளது பகற்பொழுது அதிலேயே கழியும். அன்று அவளுக்குப் பேர் இல்லை. பஸ் கட்டணம் வேறு. சில தடவைகளுக்குப் பின் இருமல் தணிகின்றது, வீட்டிலே அடுப்பு எரிய வேண்டியிருக்கின்றது, அவள் வரவில்லை. பதிவேடு அவளைத் ‘தவறியவள்’ என்கின்றது. அச்சொல் அவள் மீது பழியை ஏற்றி ஆராய்ச்சியை முடித்துவிடுகின்றது. ‘சிகிச்சை இடைநின்றவர்’ என எழுதினாலோ, ஏன் இடைநின்றது என்னும் வினா தானே எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை வைத்தியசாலையில் இல்லை, செக்றோலில் உள்ளது. மருந்தைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே அனுப்பலாம்; சிகிச்சைக்குச் சென்ற நாளுக்குப் பேர் வழங்கலாம். தவறான சொல் விடையை மறைத்தது. செவ்விய சொல் விடைக்கு வழி காட்டுகின்றது. ஆளை முன்னிறுத்தும் மொழியின் பயன் மரியாதை மட்டுமன்று, அது நோய்க்காரணத்தை அறியும் கருவியுமாம் என்பது இதனாற் பெறப்படும்.

சொல்லும் முறை

‘காரன்’, ‘காரி’, ‘ரோகி’ என்னும் ஈறுகள் நோயை ஆளின்மேல் நிலையாக ஒட்டிவிடுகின்றன. அவற்றை விடுத்து, ‘சயரோகக்காரன்’ என்னாது ‘காசநோய் உற்றவர்’ எனலாம். ‘பைத்தியக்காரி’ என்னாது ‘மனநோயால் வருந்துபவர்’ எனலாம். ‘குடிகாரன்’ என்னாது ‘மதுப்பழக்கத்திற்கு ஆட்பட்டவர்’ எனலாம். ஆட்பட்டவர் மீளவும் கூடும் என்னும் நம்பிக்கை அச்சொல்லிலேயே உள்ளது. ‘மலடி’ என்னும் கொடுஞ்சொல்லை அறவே ஒழித்து, மகப்பேறு வாய்க்காதவர் என்றல் வேண்டும். யாவற்றினும் முதன்மையானது, பெயர் தெரிந்தவிடத்துப் பெயராலேயே அழைத்தல். ‘பதினோராங் கட்டில்’ என்பதற்கு மாற்று, ‘பதினோராங் கட்டிலில் இருப்பவர்’ என்பதன்று. அக்கட்டிலின் தலைமாட்டுத் தாளில் எழுதியிருக்கும் பெயரே. முதிய பெண்ணை ‘அம்மா’ என்றும் முதியவரை ‘ஐயா’ என்றும் அழைத்து, ‘வாருங்கள்’, ‘சொல்லுங்கள்’ என்றால் நேரம் கூடுதலாகச் செலவாவதில்லை.

இது வெறும் மங்கல வழக்கன்றோ என ஐயுறுவோர் உளர். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு. அங்கே நிகழ்ந்த செய்தி மென்மையான சொல்லால் மறைக்கப்படுகின்றது. ‘தொழுநோய் உற்றவர்’ என்பதிலோ நோய் மறைக்கப்படவில்லை, வெளிப்படையாகவே கூறப்படுகின்றது. மறைந்திருந்த மனிதரே அங்கே வெளிப்படுகின்றார். ஆகவே இரண்டும் ஒன்றல்ல.

எச்சொல் தகும் என்பதைச் சுட்டப்படுவோரே தீர்மானித்தல் முறை. தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டு அரசு ‘ஊனமுற்றோர்’ என்பதை நீக்கி ‘மாற்றுத் திறனாளி’ என்னும் சொல்லை ஏற்றது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுக்குறைபாடு உடைய ஆட்களின் உரிமைகளைப் பற்றியது. இங்கே ‘ஆட்கள்’ என்னும் சொல் சட்டத்திலேயே இடம்பெற்றது. எனினும் செவிப்புலன் இல்லாதோருட் சிலர், தம்மைச் சைகைமொழி பேசும் ஒரு சமூகமாகவே கொண்டு, அச்சமூகப் பெயராலேயே அழைக்கப்பட விரும்புகின்றனர். ஆகவே ஒரே வாய்பாட்டை எல்லோர்க்கும் திணித்தலும் ஆளை மறத்தலேயாம். கேட்டறிந்து அழைப்பதே நெறி.

மற்றொன்றும் கூறவேண்டும். தன் வலியைத் தன் மொழியிற் கூற இயலாதவரை எச்சொல்லால் அழைத்தாலும் பயன் சிறிதே. ‘நெஞ்சு கரிக்கின்றது’ என்பதும் ‘நெஞ்சு அடைக்கின்றது’ என்பதும் வேறு வேறு நோய்க்குறிகள். இடையே நின்று மொழிபெயர்ப்பவர் இரண்டையும் ‘நெஞ்சுவலி’ என்று சுருக்கிவிடின் வைத்தியர் திகைப்பார். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பதுளை மாவட்டத்துப் பிரதேசப் பிரிவுகள் பல 1999இல் இருமொழி நிருவாகத்திற்கு உரியனவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. சட்டம் ஏட்டில் உள்ளது. அதை நடைமுறையாக்கத் தமிழும் சிங்களமும் ஒருங்கு கற்ற தாதியரும் எழுதுவினைஞரும் வைத்தியரும் வேண்டும். அவர்கள் மலையகப் பாடசாலைகளிலிருந்தே பெருகி வருதல் இயல்பு.

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்பது பேதைமை. ‘கூலி’ ‘தொழிலாளர்’ ஆன பின்னரும் லயங்கள் லயங்களாகவே இருந்தன. ‘நீ’, ‘வா’, ‘போ’ என்னும் விளிகளும் நெடுங்காலம் நிலைத்தன. பெயர்ச்சொல் மாறி வினைச்சொல் மாறாதவிடத்து மாற்றம் அரைகுறையேயாம்; அதுவும் ஓர் அரைப்பேரே. எனினும் சொல் மாறாமல் பிறிதெதுவும் மாறுதல் அரிது. ஒருவரை எண்ணென்று அழைத்துக்கொண்டே அவருக்கு மனிதருக்குரிய வீட்டையும் ஊதியத்தையும் மருந்தையும் வழங்க எவரும் விரைவதில்லை.

இன்று பாடசாலையிற் பயிலும் மாணவர் நாளை வைத்தியசாலையிலும் தோட்டக் காரியாலயத்திலும் பேனா பிடிக்கப் போகின்றவர். அவர் கையில் வரும் பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் இருக்கும். அதை நாட்கூலியின் அளவையாகவோ நோயின் குறியாகவோ கொள்ளாது, ஒருவரின் பெயராகவே வாசித்து, அவரை நோக்கி ‘வாருங்கள்’ என்று சொல்லுதல், உயர்திணை அஃறிணை வேறுபாட்டைக் கற்றதன் பயனாகும்.